குப்பி லாம்பும் கண்ணாடி வீடும்

இலக்கியத் தொடரில் கண்ணாடிக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். வானொலியில் கேட்டவர்கள் கேட்காமல் விட்டாலும், இப்பொழுது பத்திரிகையில் படிப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் நாம் நிறையப் பேசிவிட்டோம். நம் கைகளில் அன்றாடம் புழங்குகின்ற பொருள்களைப் பற்றிப் பேசியது குறைவு. அவற்றுக்கும் கதை உண்டு. அந்தக் கதைகளில் நம்முடைய கதையும் உண்டு.

சென்ற ஜனவரியில் ஒரு விடியற்காலை. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். பனி இறங்கிய குளிர். கடைக்காரர் ஒரு தடித்த கண்ணாடிக் கிளாஸைக் கழுவி வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை ஊற்றினார். 'டக்' என்று ஒரு சத்தம். கிளாஸின் அடி வட்டமாகக் கழன்று மேசையிலேயே நின்றுவிட்டது. மேல் பாகம் மட்டும் கடைக்காரரின் கையில் இருந்தது. பக்கத்தில் நின்ற பாடசாலைப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"ஐயா, மெல்லிசு கிளாஸ்ல ஊத்துனா ஒண்ணும் ஆகல. மொத்தமா இருக்கிறதுதான் ஒடையுது. அது ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலில்தான் இந்த உரை தொடங்குகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழந்தமிழில் 'ஆடி' என்றால் முகம் பார்க்கும் பொருள். கண்ணும் ஆடியும் சேர்ந்து கண்ணாடி ஆயிற்று. வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற அதிகாரத்தில், தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிடத்தே காட்டுகின்ற பளிங்கைச் சொல்லி, நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்கிறார். ஆக, தமிழனுக்குக் கண்ணாடி முதலில் ஒரு காட்டும் பொருள். பின்னர் ஜன்னலில் பதிப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, குடிக்கின்ற கிளாஸும் கண்ணாடி என்று ஒரே சொல் பல வேலைகளை ஏற்றுக்கொண்டது. ஒரே சொல்லாக இருப்பதால் எல்லாம் ஒரே பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அப்படியல்ல. ஒரு சமையலறையிலேயே மூன்று வகைக் கண்ணாடி இருக்கலாம்.

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். எல்லா மணலும் உதவாது. இரும்புக் கறை குறைந்த, வெண்மையான சிலிக்கா மணல் வேண்டும். நமது நாட்டில் புத்தளம் மாவட்டத்தின் நாத்தாண்டியா, மாரவில பகுதிகளில் அத்தகைய மணல் கிடைக்கிறது. மணலை மட்டும் உருக்குவதென்றால் ஏறத்தாழ 1700 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அதைக் குறைப்பதற்குச் சோடாச் சாம்பல் சேர்க்கிறார்கள். சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையும் தன்மை உடையதாகிவிடும். அதனைத் தடுப்பதற்குச் சுண்ணாம்புக்கல் சேர்க்கிறார்கள். நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சிலிக்கா, பதின்மூன்று முதல் பதினைந்து பங்கு சோடா, பத்துப் பங்களவில் சுண்ணாம்பு. இதுதான் சாதாரணக் கண்ணாடியின் சேர்மானம். போத்தல், ஜன்னல் கண்ணாடி, தேநீர்க் கிளாஸ், பல்ப் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியே.

இந்தக் கண்ணாடிக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, வெப்பம் பட்டால் விரிவடைவது. மற்றது, வெப்பத்தை மெதுவாகவே கடத்துவது. கொதிநீர் விழுந்ததும் கிளாஸின் உட்சுவர் உடனே விரிவடையப் பார்க்கிறது. வெளிச்சுவருக்கு அந்தச் சூடு இன்னும் போய்ச் சேரவில்லை. அது குளிர்ந்தே இருக்கிறது. உள்ளே இருப்பது தள்ள, வெளியே இருப்பது இழுபட, எங்கே ஒரு சிறு கீறல் இருக்கிறதோ அங்கே பிளவு தொடங்கிவிடுகிறது. மெல்லிய கிளாஸில் சூடு விரைவில் மறுபக்கம் போய்விடும். தடித்த கிளாஸில் அதற்கு நேரம் எடுக்கும். மொத்தக் கிளாஸ் உடைவதற்கு அதன் மொத்தமே காரணம்.

நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஆறு பாகைக் குறைவு நம்மைக் காப்பாற்றாது. பனிக்கால விடியலில் கிளாஸே ஏழெட்டுப் பாகையில் இருக்குமானால் வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நம்முடைய தாய்மார் கிளாஸில் ஒரு கரண்டியைப் போட்டுவிட்டு ஊற்றுவார்கள். உலோகக் கரண்டி சூட்டின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. கிளாஸை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுவது அதைவிட நல்லது.

இதே வெடிப்பு வேறோர் இடத்திலும் நடந்தது. அங்கே அது ஒரு புதிய கண்ணாடிக்கு வழி திறந்தது.

பழைய லாந்தரின் சிமினியை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1780களில் ஏமே ஆர்கான் என்பவர் எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்திப் பார்த்தார். குழாய்க்குள் காற்று மேல் நோக்கி இழுபட்டது. சுடர் புகையாமல் பிரகாசமாக எரிந்தது. காற்று அணைக்காதபடி காப்பதற்குத்தான் சிமினி என்று நாம் நினைப்போம். சுடருக்குக் காற்றை ஊட்டுவதும் சிமினிதான். எரிந்துகொண்டிருக்கும் சிமினியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் அது கீறிவிடும். சாம்பலும் பழைய துணியும் கொண்டு சிமினி துடைப்பது எங்கள் காலத்தில் பிள்ளைகளின் வேலை. சூடாறும் முன் துடைத்து அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

புகையிரதப் பாதைகளிலும் இதே தொல்லை. நமது மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அந்தக் காலத்துச் சமிக்ஞைக் கம்பங்களில் மண்ணெண்ணெய் விளக்கும் அதன் முன் நிறக் கண்ணாடியும் இருக்கும். இதில் ஒரு சிறு நுட்பம் உண்டு. எண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறமானது. அதனைப் பச்சையாகத் தெரியச் செய்வதற்கு நீலம் கலந்த கண்ணாடி வைப்பார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்து சாரதியின் கண்ணுக்குப் பச்சை ஆகும். அமெரிக்கப் புகையிரதங்களில் விளக்குகளின் கண்ணாடி சூடேறியிருக்கும்போது மழையோ பனியோ பட்டால் வெடித்துவிடும். சமிக்ஞை தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கான மருந்து ஜெர்மனியின் ஜேனா நகரத்திலிருந்து வந்தது. ஒட்டோ ஷொட் என்ற இரசாயன அறிஞர் 1880களில் அங்கே ஒரு கண்ணாடித் தொழிற்கூடம் அமைத்து, மணலோடு போரன் சேர்மங்களைக் கலந்து பார்த்தார். அந்தப் போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவடைவதில் மூன்றில் ஒரு பங்கே விரிவடைந்தது. அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனமும் அவ்வகைக் கண்ணாடியைப் புகையிரத விளக்குகளுக்குச் செய்தது. 1913இல் அங்கே பணியாற்றிய ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, தன் சமையல் பாத்திரம் வெடித்துப் போனதால், தொழிற்சாலையிலிருந்து அறுத்துக் கொண்டுவந்த மின்கலச் சாடியின் அடிப்பாகத்தில் ஒரு கேக் சுட்டுப் பார்த்தார். கேக் நன்றாக வந்தது, சாடியும் உடையவில்லை. 1915இல் 'பைரெக்ஸ்' கடைக்கு வந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தின் சோதனைக் குழாயும் அடுப்புக்குள் வைக்கும் கண்ணாடித் தட்டும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

ஜேனாவில் ஷொட் தீர்த்து வைத்த வேறொரு சிக்கல் நம்முடைய தேயிலைத் தொழிற்சாலையோடு சம்பந்தமுடையது. அக்காலத்து வெப்பமானிகள் சில மாதம் பாவித்ததும் பிழையாகக் காட்டத் தொடங்கும். காரணம் உள்ளே இருந்த இரசம் அல்ல, கண்ணாடிதான். சூடாகி விரிந்த குமிழ் ஆறிய பிறகும் பழைய அளவுக்கு உடனே திரும்புவதில்லை. ஷொட் இதற்கென்றே ஒரு வெப்பமானிக் கண்ணாடியை உருவாக்கினார்.

என் தகப்பனார் ஸ்டோரில் வேலை செய்தவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றதன் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

"காத்து காஞ்சிருந்தா ஈரத்துணி சீக்கிரம் காயும்டா தம்பி. காயக் காயக் குளிரும். அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் கூடும். மழை நாள்ல ரெண்டும் ஒண்ணாவே நிக்கும். அன்னைக்குக் கொழுந்து வாடாது" என்றார்.

கொழுந்தில் முக்கால் பங்கு, அதற்கும் மேலே நீர்தான். அதில் எவ்வளவு போக வேண்டும், எவ்வளவு நேரத்தில் போக வேண்டும் என்பதை அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களும் சொல்லும். தோட்டத்துக் காரியாலயத்தின் முற்றத்தில் மழைமானி இருக்கும். அகன்ற புனலில் விழும் மழை ஒரு போத்தலில் சேரும். அதனைக் காலையில் ஒடுங்கிய கண்ணாடி அளவுக்குழாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். புனலின் வாய்ப் பரப்பு குழாயின் பரப்பைப் போல் பத்து மடங்கானால், ஓர் அங்குல மழை குழாயில் பத்து அங்குலம் நிற்கும். சிறு தூறலைக்கூடக் கணக்கில் எழுத முடிவது அந்த ஒடுக்கத்தினால்தான். இரச வெப்பமானிகளை உலகம் இப்பொழுது கைவிட்டு வருகிறது. இரசம் நஞ்சு என்பதே காரணம்.

இனி ஜன்னலுக்கு வருவோம். எங்கள் தோட்டத்தில் கண்ணாடி அதிகம் இருந்த இடம் ஸ்டோர். மாடி மாடியாக, வரிசை வரிசையாக ஜன்னல்கள். இரவில் மின்சாரம் எரியும்போது ஸ்டோர் ஒரு கப்பல் போலத் தெரியும். இரண்டாவது இடம் துரையின் பங்களா. மூன்றாவது காரியாலயம். லயத்துக் காம்பிராக்களில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பலகைக் கதவு. அதைத் திறந்தால் வெளிச்சமும் குளிரும் சேர்ந்து வரும், மூடினால் இரண்டும் சேர்ந்து போகும். வெளிச்சத்தை உள்ளே விட்டுக் குளிரை வெளியே நிறுத்துவதுதான் ஜன்னல் கண்ணாடி செய்கின்ற வேலை. அது கொழுந்துக்குக் கிடைத்தது. கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் கூரைத் தகரத்தின் நடுவே கண்ணாடி இழைத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். பகலிலேனும் அடுப்படி தெரிந்தது.

பழைய பங்களாக்களின் ஜன்னல் வழியே பார்த்தால் தேயிலை மலை நெளிவது போலத் தோன்றும். அக்காலத்தில் கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதி, நெடுக்காக வெட்டி, சூடாக்கி விரித்துத் தகடாக்குவார்கள். நெளிவு அதனால் வந்தது. கண்ணாடி திரவம், ஆண்டுக்கணக்கில் மெல்ல வழிந்து கீழ்ப்பக்கம் தடித்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல; செய்யும்போதே சமமின்றி அமைந்த தடிப்புத்தான் அது. இன்றைய தட்டைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. இங்கிலாந்தில் அலஸ்டயர் பில்கிங்டன் 1950களில் கண்ட முறை. 1959இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்ணாடியின் இரு முகமும் தானாகவே மட்டமாகிவிடும்.

பஸ்ஸில் உள்ளவை வேறு இரண்டு வகை. பக்கத்து ஜன்னல், 600 பாகைக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விக்கப்பட்ட கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாகச் சிதறும்; வாள் போல வெட்டாது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிசின் படலம் ஒட்டியது. 1903இல் எதுவார் பெனடிக்டுஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கைதவறி விழுந்த ஒரு குடுவை, கீறல்விட்டும் சிதறாமல் நின்றது. அதன் உட்சுவரில் காய்ந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. கினிகத்தேனை வளைவுகளில் பயணம் செய்யும் நாம் அந்தக் குடுவைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறவர் கையோடு ஒரு வெற்றுப் போத்தலையும் கொண்டுபோவார். மிக்சர் அதில்தான் கிடைக்கும். போத்தலின் பக்கத்தில் கடதாசியைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பல் ஒரு வேளை மருந்து. டிஸ்பென்சரி அலுமாரியில் உள்ள மருந்துகள் மட்டும் கபில நிறப் போத்தல்களில் இருக்கும். இரும்பும் கந்தகமும் கரியும் சேர்ந்து தருகின்ற நிறம் அது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களை அது தடுப்பதால் மருந்து கெடாது. அதே போத்தல்தான், அரை நாள் பேர் போட்டுவிட்டு அம்மாவுக்குக் கொழுந்து மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகவும் பயன்பட்டது. சூடு ஆறாமல் இருக்கப் பழஞ்சேலைத் துண்டைச் சுற்றிக்கொள்வோம். பிளாஸ்க்கின் உள்ளே இருப்பதும் கண்ணாடிதான். இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், மேலே வெள்ளிப் பூச்சு. ஜேம்ஸ் டிவார் 1892இல் அதனை ஆய்வுகூடத்துக்காகச் செய்தார். பிளாஸ்க் பங்களாவிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இருந்தது. மலைக்குப் போனது பழஞ்சேலை சுற்றிய போத்தல்.

இந்தக் கண்ணாடிக் கதையில் இலக்கியத்துக்கும் நம் மலைகளுக்கும் சேர்ந்து சொந்தமான ஒருவர் இருக்கிறார். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் பாட்டியின் சகோதரி. கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1830களின் கோல்புரூக் - கமரன் ஆணைக்குழுவின் வழியாக நாம் பாடப் புத்தகத்தில் அறிந்தவர். இங்கே கோப்பிக் காணிகள் வாங்கியவர். ஜூலியாவுக்கு நாற்பத்தெட்டாவது வயதில், 1863இல், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தில் தம் வீட்டுக் கோழிக் கூட்டைக் கண்ணாடி பதித்த படப்பிடிப்பு அறையாக அவர் மாற்றிக்கொண்டார். தம் கலை வாழ்க்கையைப் பற்றி 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட நூலுக்கு 'என் கண்ணாடி வீட்டின் வரலாறு' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்.

அவருடைய படங்கள் பிறந்ததும் கண்ணாடியில்தான். பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட முறை அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இருப்பதோ சில நிமிடங்கள். கடதாசியில் நார் உண்டு. அதன் வழியே படம் மங்கும். கண்ணாடியில் நார் இல்லை, இரசாயனங்கள் அதனைத் தீண்டுவதும் இல்லை. அதனால்தான் படக்கலை கண்ணாடியை நாடியது.

1875இல் அவர் கணவரோடு இலங்கைக்கு வந்தார். களுத்துறையிலும் பிறகு மலைநாட்டிலும் வாழ்ந்தார். இங்கேயும் படம் எடுத்தார். கிராமத்தவர்களும் தோட்டத்துத் தொழிலாளரும் அவருடைய கமராவின் முன் நின்றார்கள். இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியின் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். டெனிசன், டார்வின் ஆகியோரின் படங்களுக்கு அவர்களுடைய பெயர்கள் உண்டு. நம்மவர் நின்ற படங்களில் 'குடியானவர்கள்' என்பது போன்ற பொதுச் சொல்லே தலைப்பு. முகங்கள் கண்ணாடியில் பதிந்தன, பெயர்கள் பதியவில்லை. அந்தப் படங்களின் பிரதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எடுக்கப்படாமல் போன ஒரு படம் என் நினைவுக்கு வரும்.

முகம் பார்க்கும் கண்ணாடி எங்கள் காம்பிராவில் ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா ஹட்டனில் வாங்கியது. சாதாரணக் கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளிப் படலம் ஏற்றினால் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். முற்காலத்தில் வெள்ளீயமும் இரசமும் பூசினார்கள். பூசியவர்கள் நஞ்சேறி நோயாளி ஆனார்கள். யுஸ்டஸ் லீபிக் 1835இல் வெள்ளியைக் கண்ணாடியில் படியச் செய்யும் வழியைக் கண்ட பின்னரே அந்த நஞ்சு ஒழியத் தொடங்கியது. எங்கள் வீட்டுக் கண்ணாடி ஐந்து ஆண்டுகள் சுவரைப் பார்த்துத் திரும்பியே தொங்கியது. அதன் காரணத்தைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க இயலாது.

எங்கள் தோட்டம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்திருந்தது. லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் எங்கள் லயத்துக்கு மேலே கம்பி வழியாகக் கொழும்புக்குப் போயிற்று. கீழே நாங்கள் குப்பி லாம்பு ஏற்றினோம். குப்பி லாம்பை அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். எறிய வேண்டிய ஒரு மருந்துப் போத்தல் அல்லது ஜாம் போத்தல், மூடியில் ஒரு துளை, துளையில் ஒரு தகரக் குழல், குழலில் பழந்துணித் திரி, உள்ளே மண்ணெண்ணெய். காசு செலவில்லை. சிமினி இல்லாததால் புகையும். உயரமான போத்தல் என்பதால் எளிதில் சாயும். சாய்ந்தால் மூடி கழலும், எண்ணெய் கொட்டும், திரி கொளுத்தும். போத்தல் மெல்லியது என்பதால் விழுந்த வேகத்தில் உடையவும் செய்யும்.

1979ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது, என் தங்கைக்கு ஏழு. மறுநாள் எனக்குக் கணிதப் பரீட்சை. எழுத்துத் தெரியவில்லை என்று லாம்பைப் புத்தகத்துக்குக் கிட்டே இழுத்து வைத்தேன். தங்கை எனக்கு எதிரே பாயில் படுத்திருந்தாள். பக்கத்தைத் திருப்பியபோது என் முழங்கை லாம்பில் பட்டது. அவ்வளவுதான் நடந்தது. அம்மா சாக்கைப் போட்டு அமுக்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வரும்வரை அவள் "அண்ணே, எரியுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு மாதத்தில் திரும்பி வந்தாள். கழுத்தும் வலது தோளும் கன்னத்தின் ஒரு பக்கமும் மாறியிருந்தன. அம்மா அன்றைக்கே கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். பிறகு ஒரு திருவிழாவில் குடும்பமாகப் படம் எடுத்தபோது அவள் வரமாட்டேன் என்றாள். அந்தப் படத்தில் அவள் இல்லை. என்னை அவளோ மற்ற யாருமோ ஒரு சொல் குற்றம் சொன்னதில்லை. அதுவே எனக்குக் கனமாக இருந்தது.

இத்தகைய பிள்ளைகளையும் பெண்களையும் அறுவைச் சிகிச்சை மேசையில் தொடர்ந்து கண்ட ஒருவர் வைத்தியர் விஜய கொடகும்புர. புண்ணுக்கு மருந்து போடுவதோடு நிற்காமல், புண்ணை உண்டாக்கும் போத்தலை மாற்ற வேண்டும் என்று அவர் நினைத்தார். 1992இல் அவர் ஒரு புதிய விளக்கை வடிவமைத்தார். அதற்கு முன்மாதிரி நம் வீடுகளில் எல்லாம் உள்ள மார்மைட் போத்தல். குட்டையானது, அகன்றது, எளிதில் சாயாதது. அந்த வடிவத்தைக் கொண்டு அவர் செய்த 'சுதீப' விளக்கில் நான்கு விடயங்கள் உண்டு. கண்ணாடி தடிப்பானது, ஆகவே விழுந்தாலும் இலகுவில் உடையாது. குட்டையும் பாரமும் ஆனது. ஆகவே எளிதில் சாயாது. பக்கங்கள் இரண்டு தட்டையானவை. ஆகவே சாய்ந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்கும் உலோக மூடி; ஆகவே எண்ணெய் கொட்டாது. இலட்சக்கணக்கில் அந்த விளக்குகள் ஏழை வீடுகளுக்குச் சென்றன. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இதில் புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே மணல், அதே சோடா, அதே சுண்ணாம்பு. தேநீர்க் கடையில் தடித்த கண்ணாடி குற்றவாளியாக நின்றது. விளக்கில் அதே தடிப்பு உயிர் காத்தது. எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி என்று ஒருவர் யோசித்தார். அந்த யோசனை நமக்கு நூறு ஆண்டுகள் பிந்தி வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த விளக்கு ஒன்றைத் தங்கையின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அப்போது பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேலை செய்துகொண்டிருந்தாள். விளக்கை ஏற்றி மேசையில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒற்றை விரலால் அதைத் தள்ளினாள். நான் பதறி எழுந்தேன். விளக்கு பக்கவாட்டில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. எண்ணெய் சிந்தவில்லை. அவள் அதை நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் நிமிர்த்தினாள்.

"பிள்ளைக இருக்கிற ஊட்டுக்கெல்லாம் இதுல ஒண்ணு வாங்கியா அண்ணே" என்றாள்.

இன்று லயங்களுக்குப் பெரும்பாலும் மின்சாரம் வந்துவிட்டது. அதற்காகக் குப்பி லாம்பு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, பழைய போத்தல்களைத் தேடி எடுத்த வீடுகளை நான் கண்டேன். அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, அதையும் ஏற்ற முடியாத வீடுகளையும் கண்டேன். வீட்டில் வெற்றுப் போத்தலில் திரி செருகியிருப்பவர்கள் இன்றைக்கே அதை அகற்றிவிடுங்கள். விளக்கு வேண்டுமென்றால் குட்டையான, தடித்த, இறுக்கமான மூடியுள்ள ஒன்றைத் தேடுங்கள். உடைந்த போத்தலைக் கானுக்குள்ளும் தேயிலைச் செடிக்கடியிலும் எறியாதீர்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்களின் கால் நடக்கிறது.

ஹட்டன் கடையில் என்னிடம் கேள்வி கேட்ட தம்பி இதைப் படிக்கிறானோ என்னவோ தெரியாது. படித்தால், அவனுடைய கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது.

போன தைப்பொங்கலுக்குத் தங்கை வீட்டில் அவளுடைய பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் எல்லோரையும் படம் எடுத்தது. அந்தத் திரையும் ஒரு கண்ணாடிதான். சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தைப் புகுத்தி உறுதியாக்கிய வகை. தங்கை எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் படம் இப்பொழுது என் வீட்டில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் பின்புறத்தில் எல்லோருடைய பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.